பாட்டி பேசின கேசட்டை பென்டிரைவில் ஏத்தப்போறீங்களா? முதல்ல அந்த ரெண்டு 'ஆட்டோ'வை ஆஃப் பண்ணுங்க!

'டெக்'னு சொன்னா உங்க அப்பாவுக்கு வீடியோ டெக்தான் ஞாபகம் வரும். வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி விடிய விடிய மூணு படம் பார்த்த காலம் அது. நாம பேசப்போறது ஆடியோ டெக் பற்றி. ஒரு பக்கம் கேசட்டைப் போட்டா, இன்னொரு பக்கம் பென்டிரைவில் டிஜிட்டலா பதிவு செஞ்சு கொடுக்கும் யூ.எஸ்.பி கேசட் டெக்.

இப்போ எதுக்கு இது? ஸ்ரீவில்லிபுத்தூர் வீடுகளில் பரண்ல ஒரு பெட்டி கேசட் இருக்கும். அதுல கடையில வாங்கின திருப்பாவை கேசட்டை விட்டுடுங்க, அது இன்னைக்கு யூடியூப்ல கிடைக்கும். ஆனா, மார்கழி விடியற்காலைல பாட்டி தன் குரல்ல முப்பது பாசுரத்தையும் சொல்லி, யாரோ பதிவு பண்ணி வெச்சிருந்தா, அது உலகத்துலயே ஒரே ஒரு காப்பி. பக்கத்துல ராஜபாளையத்துக்கு வாங்க. ராஜுக்கள் வீடுகளில் பேசுற தெலுங்கு, பல தலைமுறையா தமிழோடு கலந்து வாழ்ந்த தெலுங்கு. ஆந்திராவுல கேட்கிற மாதிரி இருக்காது. அதுல ஒரு தாலாட்டோ, கல்யாண வீட்டுக் கிண்டலோ பதிவாகியிருந்தா எவ்வளவு பெரிய சொத்து! வளைகுடாவுல வேலை பார்த்தவங்களுக்குக் கடிதத்துக்குப் பதிலா பேசி அனுப்பின கேசட்டும் இந்த வகைதான்.

டேப்ங்கிறது பிளாஸ்டிக் நாடாவுல பசை போட்டு ஒட்டின காந்தத் துகள். பரண் சூட்டுலயும் ஈரத்துலயும் அந்தப் பசை வருஷா வருஷம் வலுவிழக்குது. அதனால, அடுத்த லீவுக்குத் தள்ளிப்போடாதீங்க.

கேசட்டை உள்ளே போடறதுக்கு முன்னாடி ஒரு வேலை. டேப் தெரியுற பக்கத்துக்கு எதிர் விளிம்பைப் பாருங்க. ரெண்டு ஓரத்துலயும் சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைச்சிட்டா அந்தக் கேசட்டுல யாரும் மேல பதிவு பண்ண முடியாது. இது ரொம்ப முக்கியம். ஏன்னா, சில டெக்குகளில் டேப்புக்கு ஒரு ரெக்கார்ட் பட்டன், யூ.எஸ்.பி-க்கு ஒரு ரெக்கார்ட் பட்டன்னு ரெண்டு இருக்கும். மாத்தி அமுக்கினா பாட்டி குரல் அழிஞ்சிடும். திரும்ப வராது. வெள்ளையா பூஞ்சை படிஞ்சிருந்தா அந்தக் கேசட்டை ஓட்டவே வேண்டாம், விவரம் தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க. நல்லா இருந்தா, ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுத்தி வைங்க. ஒட்டிக்கிட்ட சுத்துகள் தளரும்.

இப்போ தலைப்புக்கு வருவோம். பல டெக்குகளில் 'ஆட்டோ டிராக்'னு ஒரு வசதி இருக்கும். சில விநாடி சத்தம் இல்லைன்னா, 'பாட்டு முடிஞ்சிடுச்சு'ன்னு நினைச்சு அடுத்த ஃபைலைத் தொடங்கிடும். சினிமா பாட்டு கேசட்டுக்கு இது சூப்பர். ஆனா, பாட்டி யோசிச்சு யோசிச்சுதானே பேசுவாங்க? ஒரே கதை பதினஞ்சு துண்டாகிடும், சில சமயம் முதல் வார்த்தையே விழுங்கப்படும். ரெண்டாவது, 'ஆட்டோ லெவல்'. மெல்லிசான சத்தத்தை அது தானா தூக்கிக் கொடுக்கும். பேச்சு நின்ன இடத்துல எல்லாம் டேப் இரைச்சல் 'உஸ்'ஸுன்னு மேல வரும். ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு, ஒரு பக்கம் முழுக்க ஒரே ஃபைலா எடுங்க. வெட்டுறதை அப்புறம் பார்த்துக்கலாம். டால்பி பட்டன் இருந்தா அதுவும் ஆஃப். வீட்டுல பதிவு பண்ணினது பெரும்பாலும் டால்பி இல்லாம பண்ணினதுதான்.

லெவலை நீங்களே வைக்கிற டெக்னா, உரக்கப் பேசுற இடத்தை ஓடவிட்டு மீட்டரைப் பாருங்க. மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் நடுவுல நின்னா போதும். பழைய டேப்புல முள் சிவப்பைத் தொட்டாலும் ஓரளவு தாங்கும். டிஜிட்டல்ல பூஜ்யத்தைத் தாண்டினா அந்த இடம் கரகரன்னு உடைஞ்சிடும், எந்த ஆப்பாலும் முழுசா சரிபண்ண முடியாது.

டெக்கோட லைன் அவுட்டை லேப்டாப்புல இணைச்சா இன்னும் நல்லது. 'ஆடாசிட்டி' இலவசம்தான். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் ஃபைலா எடுத்தா நிமிஷத்துக்கு சுமார் 10 எம்.பி. அறுபது நிமிஷ கேசட்டுக்கு 600 எம்.பி சொச்சம். ஸ்பீக்கர் முன்னாடி போனை வெச்சுப் பதிவு பண்றது கடைசி வழி. பாட்டியோட சேர்ந்து ஃபேனும் ஓடும்.

அறுபது நிமிஷ கேசட்டுக்கு அறுபது நிமிஷம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. அந்த நேரத்துல பெரியம்மாவையோ மாமாவையோ பக்கத்துல உட்கார வெச்சுக்கோங்க. நடுவுல இருமுறது யாரு, பின்னாடி 'காபி ஆறுது'ன்னு கூப்பிடுறது யாருன்னு அவங்களுக்குத்தான் தெரியும். கேட்டுக் கேட்டு நிமிஷக் கணக்கோட எழுதிவைங்க. ஃபைல் பேர்லயே ஆள், ஊர், தெரிஞ்சா வருஷம் போட்டுடுங்க. ஃபேமிலி குரூப்புல அனுப்பும்போது 'டாக்குமென்ட்'டா அனுப்புங்க, தரம் குறையாது. ஒரு காப்பி பென்டிரைவில், ஒண்ணு வேற ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்ககிட்ட. கேசட்டைத் தூக்கிப்போடாதீங்க!