யூலியூஸ் ஓஸ்டெர்வா

யூலியூஸ் ஓஸ்டெர்வா (ஜூன் 23, 1885 - மே 10, 1947) போலந்து நாட்டைச் சேர்ந்த நாடக நடிகரும் இயக்குநரும் ஆவார். ரெடூட்டா என்னும் நாடகக் குழுவை நிறுவியவர்களுள் ஒருவர். நடிப்பைப் புகழுக்கான தொழிலாகக் கொள்ளாமல், ஒழுக்கம் சார்ந்த பணியாகக் கருதினார்.

வாழ்க்கைக் குறிப்பு

கிராக்கோவ் நகரில் பிறந்தார். இவரது இயற்பெயர் யூலியன் மலூஷெக். 1904 ஆம் ஆண்டில் அந்நகரிலேயே மேடையேறினார். அக்காலத்தில் போலந்து தனி நாடாக இருக்கவில்லை. கிராக்கோவ் ஆஸ்திரியாவின் ஆட்சியிலும், வார்சா ரஷ்யாவின் ஆட்சியிலும் இருந்தன. இதனால், முதல் உலகப் போரின்போது வார்சாவில் நடித்துவந்த ஓஸ்டெர்வா, எதிரி நாட்டுக் குடிமகன் என்ற காரணத்தால் ரஷ்யாவின் சமாரா நகருக்கு அனுப்பப்பட்டார். பின்னர் மாஸ்கோவில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் நாடகப் பணிகளை அறிந்துகொண்டார்.

ரெடூட்டா

விடுதலை பெற்ற போலந்தில், 1919 ஆம் ஆண்டு, நிலவியலாளரும் நாடக அறிஞருமான மியெச்சிஸ்வாஃப் லிமனோவ்ஸ்கியுடன் இணைந்து வார்சாவில் ரெடூட்டாவைத் தொடங்கினார். ஸ்டெபான் ஜெரோம்ஸ்கியின் நாடகம் ஒன்றே இதன் முதல் அரங்கேற்றமாகும். இக்குழு பெரும்பாலும் போலந்து நாடகங்களையே நடித்தது. நட்சத்திர நடிகர் முறை இங்கு ஏற்கப்படவில்லை. சுவரொட்டிகளில் நடிகர்களின் பெயர்கள் இடம்பெறவில்லை. நாடகம் முடிந்தபின் நடிகர்கள் மேடைக்கு வந்து வணங்கிக் கைதட்டல் பெறுவதும் தவிர்க்கப்பட்டது. உறுப்பினர்கள் ஒன்றாக வாழ்ந்து பயின்றனர்.

1925 இல் குழு அப்போது போலந்தின் பகுதியாக இருந்த வில்னியுசுக்கு இடம்பெயர்ந்தது. அங்கிருந்து நாடக அரங்குகள் இல்லாத சிற்றூர்களுக்கும் பயணம் செய்தது. கால்டெரோனின் நாடகத்தைத் தழுவி ஸ்வோவாட்ஸ்கி எழுதிய "உறுதிமிக்க இளவரசன்" 1926 முதல் திறந்தவெளியில் நடிக்கப்பட்டது. அதன் தலைமைப் பாத்திரத்தை ஓஸ்டெர்வா ஏற்றார். 1931 இல் ரெடூட்டா வார்சாவுக்குத் திரும்பியது. 1932 முதல் 1935 வரை ஓஸ்டெர்வா கிராக்கோவின் ஸ்வோவாட்ஸ்கி நாடக அரங்கின் இயக்குநராகவும் பணியாற்றினார்.

போர்க்காலமும் இறுதி ஆண்டுகளும்

1939 இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் ரெடூட்டாவின் பணி முடிவுக்கு வந்தது. ஜெர்மானிய ஆட்சியின் அனுமதியுடன் இயங்கிய அரங்குகளில் நடிக்க ஓஸ்டெர்வா மறுத்தார். கிராக்கோவில் இருந்தபடி எதிர்கால நாடகத்திற்கான திட்டங்களை எழுதினார். அக்காலத்தில் அவருடன் தொடர்பு கொண்டிருந்த இளைஞர்களுள், பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஆன கரோல் வொய்த்திவாவும் ஒருவர். அவர் ஓஸ்டெர்வாவின் விருப்பப்படி சோபோக்ளீசின் கிரேக்க நாடகம் ஒன்றைப் போலிய மொழியில் பெயர்த்தார்.

போருக்குப் பின் ஓஸ்டெர்வா மீண்டும் மேடையேறினார். 1946 இல் ஸ்வோவாட்ஸ்கி அரங்கின் பொறுப்பை மறுபடியும் ஏற்றார். அடுத்த ஆண்டே காலமானார்.

தாக்கம்

யெர்சி குரோட்டோவ்ஸ்கி தம் ஆய்வுக்கூட அரங்கிற்கு ரெடூட்டாவின் சின்னத்தைத் தழுவிக்கொண்டார். 1965 இல் "உறுதிமிக்க இளவரசன்" நாடகத்தையும் அவர் புதிய முறையில் அரங்கேற்றினார். லூப்ளின், கோஷூவ் ஆகிய நகரங்களின் நாடக அரங்குகள் ஓஸ்டெர்வாவின் பெயரைத் தாங்கியுள்ளன.