கூண்டில் நிற்பது குற்றமா? பெண்மையா?



நம் பாரிவாக்கத்திலிருந்து பூவிருந்தவல்லிக்கு வந்து தெற்கு நோக்கிச் சென்றால் சிறிது நேரத்தில் குன்றத்தூரை அடையலாம். 2018ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களின் தொடக்கத்தில் அவ்வூரின் பெயர் தமிழகமெங்கும் அடிபட்டது. ஓர் இளந்தாய் தம் குழந்தைகள் இருவருக்கும் நஞ்சூட்டிக் கொன்றார். மகனுக்கு வயது 7, மகளுக்கு 4. அத்தாயோடு தகாத உறவு கொண்டிருந்த ஆடவர் ஒருவரும் இக்குற்றத்திற்கு உடந்தை. வழக்கு ஏழாண்டுகள் நடைபெற்றது. 2025 சூலைத் திங்களில் காஞ்சிபுரம் நீதிமன்றம் இருவருக்கும் சாகும்வரை சிறைத் தண்டனை விதித்தது.

இக்கொடுமையைச் சிறிதும் குறைத்துக் கூறுவது என் நோக்கமன்று. பெற்ற கையே நஞ்சூட்டியது என்பதைக் கேட்டு நடுங்காத உள்ளம் இல்லை. எனினும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. நீதிமன்றம் இருவருக்கும் ஒரே தண்டனை அளித்தது. செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் அவ்வாறு செய்தனவா?

அந்த ஆடவர் செய்தியின் ஓரத்தில் ஒதுங்கிக்கொண்டார். அவர் பணிபுரிந்தது பிரியாணிக் கடை. ஆனால் அந்த உணவின் பெயர் ஒட்டிக்கொண்டதோ பெண்ணின் பெயரோடு! திரைப்பாடல்களுக்கு வாயசைத்து அவர் கைப்பேசியில் எடுத்திருந்த காட்சிகள் ஓயாமல் காட்டப்பட்டன. பாடலுக்கு வாயசைத்தது கொலைக்குச் சான்றாகுமா? அவருடைய ஆடையும் சிரிப்பும் எந்தக் குற்றப்பிரிவின் கீழ் வரும்? இதற்கிடையே இறந்த குழந்தைகளின் படங்களும் வீடுதோறும் வலம் வந்தன. குற்றத்திற்கு ஆளான குழந்தையின் பெயரையோ படத்தையோ வெளியிடலாகாது என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் விதித்திருப்பதை எத்தனை பேர் நினைத்தனர்?

நீதிமன்றம் "இவர் என்ன செய்தார்?" என்று கேட்கிறது. செய்தி உலகமோ "இவள் எத்தகைய பெண்?" என்று கேட்கிறது. கடன் தொல்லையால் தந்தை ஒருவர் குடும்பத்தையே கொன்றால், கடன் கொடுத்தவர் யார், வட்டி எவ்வளவு என்று காரணம் தேடப்படுகிறது. தாய் கொன்றால் காரணத்தைத் தேடுவார் இலர், ஒழுக்கத்தையே துருவுகின்றனர்.

இது இன்று தோன்றிய வழக்கமன்று. 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் இராசீவ் காந்தி கொல்லப்பட்டார். அவ்வழக்கை விசாரித்த தனி நீதிமன்றம் நம் பூவிருந்தவல்லியிலேயே இயங்கியது. 1998 சனவரி 28 அன்று அது 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. அவர்களுள் நளினியும் ஒருவர். ஒரு சாராருக்கு அவர் அரக்கி. மற்றொரு சாராருக்குக் காதலால் மதியிழந்த பேதை. 1999இல் உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் அவருடைய வழக்கை ஆராய்ந்தனர். இருவர் மரண தண்டனையை உறுதி செய்தனர். நீதிபதி கே. டி. தாமசு, சதியில் நளினியின் பங்கு எத்தகையது என்பதை எடைபோட்டு, அவருக்கு ஒரு சிறு குழந்தை இருப்பதையும் கருதி, ஆயுள் தண்டனையே தகும் என்றார். 2000இல் அத்தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 2008இல், தந்தையைப் பறிகொடுத்த பிரியங்கா காந்தி வேலூர்ச் சிறைக்குச் சென்று நளினியை நேரில் கண்டு பேசினார். 2022 நவம்பரில் நளினி விடுதலையானார். அந்த நீதிபதியும் அந்த மகளும், ஏடுகள் தீட்டிய உருவத்தைக் கடந்து ஒரு மனிதப் பிறவியைக் காண முயன்றார்கள்.

அரக்கி, பேதை என்னும் இவ்விரு வேடங்களேயன்றி மூன்றாவது வேடம் ஒன்றும் உண்டு. சம்பல் பள்ளத்தாக்கின் பூலான் தேவியை வீரநாயகியாகவே ஆக்கினர். 1994இல் அவருடைய வாழ்க்கை திரைப்படமானபோது, தமக்கு இழைக்கப்பட்ட மானக்கேடு திரையில் காட்டப்படுவதை எதிர்த்து அவரே தில்லி உயர்நீதிமன்றத்தை நாடினார். வேடம் எதுவாயினும், அதை அணிவிக்கும் கை விற்பனையின் கையே!

2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் பெண்கள் 23,772 பேர்; அதாவது நூற்றுக்கு நால்வர். பெண் செய்யும் கொடுங்குற்றம் அரிது. அரிது என்பதாலேயே அது பெருஞ்செய்தியாகிறது. ஆனால் நாள்தோறும் அதையே காணும் கண்களுக்கு அரியது பொதுவாகத் தோன்றிவிடுகிறது. மனைவி கைப்பேசியைத் தொட்டால் கணவர் ஐயுறுகிறார். மருமகள் சிரித்துப் பேசினால் மாமியார் முகம் சுளிக்கிறார்.

இதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. இல்லறத்தில் மனம் கசந்து, பிள்ளைகளைக் கண்டாலே எரிச்சல் கொள்ளும் நிலைக்கு வந்துவிட்ட தாய்மார் நம் தெருக்களிலும் இருக்கக்கூடும். அத்தகையவர் யாரிடமேனும் வாய்விட்டுச் சொன்னால் உதவி கிடைக்கும். ஒருவேளை உயிர்களும் பிழைக்கும். ஆனால், "நீயும் அந்தக் குன்றத்தூர்க்காரியைப் போலவா?" என்னும் ஒரு சொல்லுக்கு அஞ்சி அவர் வாய் திறவார். நாம் சுவைத்துப் பேசிய செய்தி அவர் வாயை அடைத்துவிடுகிறது.

பொய்யாகப் பழிப்பது மட்டுமே எட்டாம் கட்டளைக்கு மாறானது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையான குற்றத்தையும் தேவையின்றிப் பரப்புவது பாவமே என்பது நம் மறைக்கல்வி. எனவே அத்தகைய படங்கள் கைப்பேசிக்கு வரும்போது பிறர்க்கு அனுப்பாதீர்கள். செய்தியைப் படிக்கையில், உடனிருந்த ஆடவருக்கு என்ன ஆயிற்று, இறந்தவர் யார், காரணம் என்ன என்று கேளுங்கள். வீட்டில் சோர்ந்திருக்கும் பெண்ணிடம், குற்றம் காணாமல், "உனக்கு என்னம்மா வருத்தம்?" என்று வினவுங்கள். பெண்களுக்கான தனிச்சிறை உள்ள புழலும் நமக்கு நெடுந்தொலைவில் இல்லை. இன்றிரவு குடும்பச் செபத்தில், மாண்ட அப்பிஞ்சுகள் இருவரையும் சிறையிலிருக்கும் பெண்களையும் ஒருசேர நினைவுகூருங்கள்.