சுப்பர் மார்க்கட் வரட்டும், வாகனங்கள் எங்கே நிற்கும்?

ஏ9 வீதியோரத்தில் பெரிய சுப்பர் மார்க்கட் ஒன்று வரப்போவதாக எமதூர் அக்குறணையில் பேச்சு அடிபடுகிறது. ஊர் முன்னேறட்டும் என்கிறார்கள் சிலர். எங்கள் கடைகளின் கதி என்ன என்கிறார்கள் வியாபாரிகள். அந்த வாதத்தை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். வீதியோரப் பாடசாலைப் பிள்ளைகளைத் தினமும் பார்க்கும் ஆசிரியன் என்ற வகையில் எனது கேள்வி, வரும் வாகனங்கள் எங்கே நிற்கும் என்பதுதான்.

ஏ9 எங்களுக்கு மட்டும் சொந்தமான வீதியல்ல. கண்டியில் தொடங்கி மாத்தளை, தம்புளை ஊடாக யாழ்ப்பாணம் வரை செல்கிறது. எங்கள் பகுதியில் பல இடங்களில் அதை அகலப்படுத்த இடமில்லை.

தரம் எட்டுப் பிள்ளைகூடப் போடக்கூடிய கணக்கு ஒன்று. கடையில் 20 கார்கள் நிறுத்தலாம் என வைப்போம். ஒரு குடும்பம் சாமான் வாங்கி வெளியேற 40 நிமிடம் எடுத்தால், மணித்தியாலத்துக்கு 30 கார்களுக்கே இடமுண்டு. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் 31ஆவது கார் வந்தால் அது வீதியோரத்தில்தான் நிற்கும். ஒரு கார் நின்றாலே ஒரு பக்கப் போக்குவரத்து முடங்கும் வீதி இது.

தரிப்பிடத்தைவிடச் சிக்கலானது நுழைவாயில். நாம் இடப்பக்கம் ஓட்டுபவர்கள். எதிர்ப்பக்கக் கடைக்குள் போக வலது பக்கம் திரும்ப வேண்டும். எதிரே இடைவெளி கிடைக்கும்வரை நடுவீதியில் காத்திருக்க வேண்டும். பின்னால் மாத்தளை பஸ், அதன் பின்னால் மரக்கறி லொறி, இடையில் நுழையப் பார்க்கும் முச்சக்கரவண்டி. பகல் 1.30க்குப் பாடசாலை விடும்போது இது நடந்தால் பிள்ளைகள் நின்றுபோன பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து வீதியைக் கடப்பார்கள். பஸ்ஸைத் தாண்டி வரும் மோட்டார் சைக்கிள்காரருக்குப் பிள்ளை தெரியாது. எனது பயமெல்லாம் இதுதான்.

வெள்ளத்தையும் மறக்கக் கூடாது. பிங்கா ஓயா பெருகினால் டவுனுக்குள் தண்ணீர் வருவதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓயாவோரக் காணியை மண்போட்டு உயர்த்தினால், அங்கே நின்ற தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போகும்.

சட்டத்தில் வழி இல்லாமலில்லை. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின்படி, அபிவிருத்திப் பகுதியாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில் கட்டடத்துக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். கட்டி முடித்த பின் அது வரைபடப்படி உள்ளதா எனப் பார்த்துச் சான்றிதழும் வழங்குவார்கள். நம் நாட்டில் வரைபடத்தில் வாகனத் தரிப்பிடமாக இருந்தது, கடை திறந்ததும் களஞ்சியமாவது புதுமையல்ல. எனவே அந்தச் சான்றிதழையும் கேட்டுப் பார்க்க வேண்டும். ஏ தர வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது என்பதால் நுழைவாயில் பற்றி அவர்களிடமும் விசாரிக்கலாம்.

ஊர்வலம் போக முன் ஒரு கடிதம் போதும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் பிரதேச சபையிடம் கேட்கலாம்: எத்தனை வாகனங்களுக்கு இடம்? நுழைவாயில் எந்தப் பக்கம்? சாமான் லொறிகள் எத்தனை மணிக்கு இறக்கும்? மழைநீர் எங்கே வடியும்? தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி தீர்மானிக்க வேண்டும். விண்ணப்பிக்கக் கட்டணமில்லை. மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம்.