வரி, கிட்டி, வாக்குமூலம்: ஓர் அவுரி வணிகரின் அரசியல்

கஜுலு லட்சுமிநரசு செட்டி என்ற பெயரை எம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். 1806இல் சென்னையில் பிறந்த அவுரி வணிகர். வியாபாரத்தில் வந்த பணத்தை அரசியலில் கொட்டினார். 1844இல் ‘கிரசென்ட்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1852இல் சென்னைவாசிகள் சங்கத்தை உருவாக்கினார்.

அந்தச் சங்கம் பிரித்தானியப் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பியது. கிழக்கிந்தியக் கம்பனிக்கு நிலவரி கட்ட முடியாத விவசாயிகள் சித்திரவதை செய்யப்படுவது சங்கத்தின் முக்கிய முறைப்பாடு. கிட்டி என்ற மரக்கருவியில் விரல்களை நெரிப்பார்கள். கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் பிணைத்துக் குனிய வைப்பார்கள். 1853இல் டான்பி சீமோர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது, லட்சுமிநரசு அவரை மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்று நேரில் காட்டினார். அடுத்த ஆண்டு பாராளுமன்றத்தில் பேச்செழுந்தது; விசாரணை ஆணைக்குழு அமைந்தது. வந்த முறைப்பாடுகள் 1,959. அவற்றில் 519 பேர் நேரில் வந்து சொன்னார்கள். ரயில் இல்லாத காலம்.

கொழும்புத்துறையில் எனக்குத் தெரிந்த தாய் ஒருவர், காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக எழுதிய கடிதங்களின் பிரதிகளைப் பொலித்தீன் பையில் வைத்திருக்கிறார். ஒன்றுக்கு மேற்பட்ட ஆணைக்குழுக்களில் சாட்சி சொன்னவர். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். “பிறகு ஆரைத் தம்பி பிடிச்சவை?” என்று மட்டும் கேட்டார்.

சரியான கேள்வி. 1855இல் வந்த அறிக்கை சித்திரவதை நடந்ததை ஒப்புக்கொண்டது. ஆனால் பழியைச் சுதேசக் கீழ்நிலை ஊழியர் மீது போட்டு, ஐரோப்பிய அதிகாரிகளை விடுவித்தது. வரியைக் கறக்கச் சொன்னது யார் என்பதை 1857இல் நியூயோர்க் பத்திரிகையொன்றில் கார்ல் மார்க்ஸ் சுட்டிக்காட்டினார். ஆனாலும் அறிக்கை வீணாகவில்லை. வரி அறவிடுபவரே பொலிஸாகவும் இருந்த முறை, 1859இன் சென்னைப் பொலிஸ் சட்டத்தோடு மாறத் தொடங்கியது. என் பார்வையில், மேலிடத்தைக் காப்பாற்ற எழுதப்பட்ட அறிக்கைக்குள்ளும் அந்த வாக்குமூலங்கள் அழியாமல் கிடப்பதுதான் பெரிய விடயம்.

அமெரிக்கப் புரட்சிக்குப் பணம் திரட்டிய வணிகர் ராபர்ட் மொரிஸ் கடைசியில் கடனுக்காகச் சிறையில் கிடந்தார். லட்சுமிநரசுவுக்குச் சிறை வரவில்லை. 1863இல் சட்டசபை நியமனம்கூடக் கிடைத்தது. ஆனால் 1868இல் இறந்தபோது அவரிடம் சொத்து மிஞ்சியிருக்கவில்லை.