பழைய மரக்கறி லொறிகளில் ஆட்டங்கண்ட சுக்கான் தண்டைச் சீர்செய்தல்

மண்வெட்டியும் மருந்து தெளிக்கும் கருவியும் போலவே, விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் வாகனமும் கமக்காரனின் கருவியே ஆகும். நுவரெலியா, கந்தப்பளை, இராகலை, தலவாக்கலை, அற்றன் ஆகிய பகுதிகளில் விளையும் கோவா, லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு என்பன தம்புள்ளைப் பொருளாதார மையத்திற்கும் பேலியகொடைச் சந்தைக்கும் பெரும்பாலும் சிறு லொறிகளிலேயே செல்கின்றன. வலப்பனை, கொத்மலைப் பள்ளத்தாக்குகளின் நெல் மூடைகளும் அவ்வாறே ஏற்றப்படுகின்றன. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, சில ஆண்டுகளின் பின்னரே மீளத் திறக்கப்பட்டது. அதனால் பழைய லொறிகளையே பழுது பார்த்து ஓட்டுவோர் பலராயினர். அத்தகைய வாகனங்களில் அடிக்கடி காணப்படும் ஒரு குறையையும், அதனை நீக்கும் வழியையும் இப்பிரசுரம் எடுத்துரைக்கின்றது.

மலைநாட்டில் இக்குறை ஏன் பெரிது?

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. கம்பளையோ ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் மட்டுமே உள்ளது. இவ்விரண்டுக்கும் இடையே றம்பொடை வழியாக இறங்கும் வீதி வளைவுக்கு மேல் வளைவாகச் செல்வது. ஒரு புறம் மலை, மறு புறம் பள்ளம். 2025 மே 11 ஆம் நாள் இவ்வீதியில் கரண்டி எல்லைக்கு அண்மையில் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்விபத்தின் காரணத்தை ஆராய்வது நமது நோக்கமன்று. இவ்வீதிகள் சிறு பிழையையும் பொறுப்பதில்லை என்பதை அது நினைவூட்டுகின்றது. விடியற்காலை மூடுபனியில், பாரமேற்றிய லொறியை வளைவில் திருப்பும்போது சுக்கான் சில்லு கையோடு மேலெழுந்தாலோ கீழிறங்கினாலோ, சாரதியின் கை ஒரு கணம் தடுமாறும். அந்த ஒரு கணமே போதும்.

சுக்கான் தண்டின் அமைப்பு

ஸ்டியரிங் எனப்படும் சுக்கான் சில்லு ஒரு தண்டின் நுனியிற் பொருத்தப்பட்டுள்ளது. அத்தண்டு ஒரு குழாயினுள் பெயாரிங்குகளின் மேற் சுழலும். சாரதியின் உயரத்திற்கு ஏற்பச் சில்லைச் சாய்த்து வைக்கும் வசதி பல யப்பானிய லொறிகளில் உண்டு. இவற்றிற் குழாயின் அடிப்பாகம் ஒரு போல்ட்டில் அசையக் கூடியதாக மாட்டப்பட்டிருக்கும். மேற்பாகம், டாஷ்போட்டின் அடியிலுள்ள பிரக்கட் ஒன்றின் நீண்ட துவாரத்திற் செருகப்பட்டிருக்கும். பக்கத்திலுள்ள கைப்பிடியைத் தள்ளிப் பூட்டியதும், பிரக்கட்டின் இரு தகடுகளும் குழாயை இறுகப் பற்றிக் கொள்ளும். ஆகவே தண்டை அசையாது நிறுத்துவது இந்தப் பிடிப்பே ஆகும்.

ஆட்டம் ஏற்படுங் காரணங்கள்

உயர்ந்த லொறியில் ஏறும்போது சுக்கான் சில்லைப் பிடித்துத் தொங்கி ஏறும் வழக்கம் முதற் காரணமாகும். உடலின் பாரம் முழுவதும் அந்தச் சிறு பிடிப்பின் மேல் விழுகின்றது. இரண்டாவது, தோட்டப் பாதைகளின் குலுக்கத்தால் போல்ட்டுகள் சிறிது சிறிதாகத் தளர்தல். மூன்றாவது, ஈரப்பதத்தால் துருவேறி அடிப்பாகத்துப் புஷ் தேய்தல். நான்காவது, கைப்பிடியை முழுவதும் பூட்டாது ஓட்டுதல்.

எங்கே ஆட்டம் என அறிதல்

பழுதின் இடத்தை அறியாது ஸ்பனரை எடுத்தல் ஆகாது. வாகனத்தைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிறேக்கை இழுத்து, சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். சாய்வுக் கைப்பிடியைப் பூட்டியபின், சுக்கான் சில்லின் மேலும் கீழும் பிடித்து, மேல் கீழாகவும் முன் பின்னாகவும் அசைத்துப் பாருங்கள். அவ்வேளை மற்றொருவர் டாஷ்போட்டின் அடியில் விளக்குப் பிடித்துப் பார்த்தல் வேண்டும்.

அ) பிரக்கட் முழுவதும் வாகனத்தின் உடலிலிருந்து அசைந்தால், பிரக்கட் போல்ட்டுகள் தளர்ந்துள்ளன.

ஆ) பிரக்கட் அசையாது, குழாய் மட்டும் அதனுள் நழுவினால், கைப்பிடியின் பிடிப்புத் தளர்ந்துள்ளது.

இ) குழாயின் அடிப்பாகம் அசைந்தால், அடிப் போல்ட்டோ புஷ்ஷோ தேய்ந்துள்ளது.

ஈ) குழாய் அசையாது, சில்லு மட்டும் ஆடினால், பெயாரிங் தேய்ந்துள்ளது அல்லது சில்லின் நட்டுத் தளர்ந்துள்ளது. இதனைக் கராஜிற் காட்டுதல் வேண்டும்.

சில்லைத் திருப்பும்போது உண்டாகும் வெற்றசைவு வேறு வகையானது. கியரை நியூட்டிரலில் வைத்து, பவர் ஸ்டியரிங் உள்ள வாகனமாயின் எஞ்சினை இயக்கி, முன் சில்லுகளை நேராக்குங்கள். சுக்கான் சில்லின் விளிம்பில் அடிமட்டத்தைப் பிடித்து, முன் சில்லு அசையத் தொடங்கும் வரை விளிம்பு எவ்வளவு திரும்புகின்றது என அளவிடுங்கள். பல சிறு யப்பானிய வாகனங்களின் கைந்நூல்கள் 30 மில்லிமீற்றரை மேலெல்லையாகக் கொள்கின்றன. உங்கள் லொறியின் கைந்நூல் வேறு அளவு கூறின் அதனையே கொள்க. எல்லையை மீறினால் பழுது மூட்டுகளிலோ சுக்கான் பெட்டியிலோ இருக்கும். தண்டை இறுக்குவதால் அது தீராது.

சீர்செய்யும் முறை

சுக்கான் சில்லில் காற்றுப்பை உள்ள வாகனத்தை நீங்கள் கழற்ற முற்படாதீர்கள். பயிற்சி பெற்றவரிடம் ஒப்படையுங்கள். ஏனையவற்றிற்கு வேண்டியவை ஸ்பனர் தொகுதி, திருப்புளி, சுண்ணக்கட்டி, விளக்கு என்பனவே.

1. எஞ்சினை நிறுத்திப் பற்றரியின் மறைக் கம்பியைக் கழற்றுங்கள். பின்னர்த் தண்டின் உறையைக் கழற்றுங்கள். ஹோர்ண், சிக்னல் கம்பிகளை இழுத்தலாகாது.

2. பிரக்கட்டை உடலோடு பிணைக்கும் போல்ட்டுகளை மாறி மாறிச் சமமாக இறுக்குங்கள். கைந்நூலின் அளவு கிடைக்காவிடின், 8 மில்லிமீற்றர்ப் போல்ட்டுக்கு ஏறக்குறைய 25 நியூற்றன் மீற்றர் போதுமானது. அதாவது 25 சதமமீற்றர் நீளமான ஸ்பனரின் நுனியில் 10 கிலோகிராம் பாரமளவு அழுத்தமாகும். இதற்கு மேல் வலிந்து இறுக்கினால் புரி அழிந்துவிடும்.

3. பிடிப்புத் தளர்ந்திருப்பின், கைப்பிடியும் நட்டும் நிற்கும் நிலையைச் சுண்ணக்கட்டியாற் குறித்து வையுங்கள். பல லொறிகளிற் கைப்பிடி பற்களுள்ள நட்டின் மேல் ஒரு சிறு திருகாணியாற் பொருத்தப்பட்டிருக்கும். கைப்பிடியைக் கழற்றி, நட்டை ஓரிரு பல்லளவு மட்டும் இறுக்கி, மீண்டும் பொருத்துங்கள். சிலவற்றில் இடப்புரி உண்டு. ஆதலால் எப்பக்கம் திருப்பினால் இறுகுகின்றது என்பதை அறிந்த பின்னரே பலத்தைக் கொடுத்தல் வேண்டும்.

4. கைப்பிடியைத் திறந்தாற் தண்டு தடையின்றிச் சாய்தல் வேண்டும். பூட்டினால் இரு கைகளால் அழுத்தினும் அசைதலாகாது. கைப்பிடி கடைசி வரை சென்று முட்டியும் தண்டு நழுவின், தகடுகள் தேய்ந்துவிட்டன. அவற்றை மாற்றுதலே வழி.

5. பிடிப்புத் தகடுகளில் எண்ணெயோ கிறீஸோ பூசற்க. அவை உராய்வினாலேயே பற்றுகின்றன. அழுக்கிருப்பின் சவர்க்கார நீரில் நனைத்த துணியாற் துடைத்து நன்கு உலர்த்துங்கள். வாகனத்தினுள் இதற்குப் பெற்றோல் பயன்படுத்துதல் தீ விபத்துக்கு இடமளிக்கும்.

6. அடிப் போல்ட்டின் புஷ் தேய்ந்திருப்பின் புதியது போட்டு, அங்கு மட்டும் சிறிது கிறீஸ் இடுங்கள். நைலோன் வளையமுள்ள நட்டுகளை ஒரு முறை கழற்றினாற் புதியவற்றையே போடுங்கள்.

7. யாவும் பொருத்தியபின் எஞ்சினை இயக்கிச் சில்லை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். முதலிற் பாரமின்றி, வெற்றிடத்தில் மெதுவாக ஓட்டுங்கள். 50 கிலோமீற்றர் ஓடியபின் போல்ட்டுகளை மீண்டும் சோதியுங்கள்.

செய்யத் தகாதவை

தளர்ந்த தண்டுக்குக் கம்பி கட்டுதலும், ரப்பர்ப் பட்டி சுற்றுதலும், மர ஆப்புச் செருகுதலும் பிணி மறைக்கும் செயல்களே அன்றிப் பிணி தீர்ப்பன அல்ல. குழாயை ஒட்டு வேலை செய்து நிலையாகப் பிணைத்தல் அதனினும் தீது. பல வாகனங்களில் மோதல் ஏற்படும்போது சாரதியின் மார்பைக் குத்தாது உள்வாங்குமாறு தண்டு அமைக்கப்பட்டுள்ளது. ஒட்டு வேலை அக்காப்பை அழித்துவிடும். கடையிற் கிடைக்கும் சாதாரண போல்ட்டை மாற்றாகப் போடுதலும் கூடாது. பழைய போல்ட்டின் தலையிற் பொறித்துள்ள 8.8 போன்ற இலக்கத்தைப் பார்த்து, அதே வலிமையுடையதை வாங்குங்கள்.

பிரக்கட்டில் வெடிப்புக் காணப்படின், போல்ட்டுத் துவாரத்தின் புரி அழிந்திருப்பின், அல்லது தண்டின் அடியிலுள்ள கிராஸ் மூட்டில் ஆட்டமிருப்பின், வாகனத்தை ஓட்டாது கராஜுக்கு அறிவியுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தை போன்ற இடங்களிற் பழைய உதிரிப் பாகம் வாங்குவோர், வாகனத்தின் செசி இலக்கத்தையும் கழற்றிய பாகத்தையும் உடன் கொண்டு செல்லுதல் நன்று. வாங்கும் பாகத்தில் வெடிப்பும் ஒட்டு வேலையும் இல்லை எனக் கண்டறிந்தே பணங் கொடுங்கள்.

பராமரிப்பு

லொறிகளுக்குத் தகுதிச் சான்றிதழ் ஆண்டுக்கு ஒரு முறையே பெறப்படுகின்றது. வளைவுகளோ நாள்தோறும் வருகின்றன. ஆதலால் வாரந்தோறும் மரக்கறி ஏற்றுமுன் மேற்கூறிய சோதனையைச் செய்யுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் செல்லாது. ஏறும்போது கதவோரக் கைப்பிடியைப் பிடித்து ஏறுமாறு சாரதிக்கும் உதவியாளனுக்கும் கூறுங்கள். வாகனம் ஓடும்போது சாய்வுக் கைப்பிடியைத் தொடவே கூடாது. வாடகை லொறியில் விளைபொருள் அனுப்புவோரும் இச்சோதனையைச் செய்யுமாறு உரிமையாளரைக் கேட்டல் முறையே ஆகும்.

மூன்று மாதம் பாடுபட்டு விளைவித்த பொருள் சந்தை சேர்வதும், அதனைக் கொண்டு செல்பவர் வீடு திரும்புவதும் இத்தண்டின் உறுதியில் தங்கியுள்ளன. தளர்ச்சி சிறிதாக இருக்கும்போதே அதனைச் சீர்செய்து கொள்ளுங்கள்.