ஈம் கிராமத்து எல்லைக்கல்



சரித்திரம் என்றவுடன் மன்னர்களும் போர்க்களங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. வகுப்பறையில் அவற்றை நெடுங்காலம் கற்பித்தவன்தான் நானும். ஆயினும் ஒரு சிற்றூரின் சரித்திரமும் சிந்தைக்கு விருந்தாகும் என்பதற்கு, இங்கிலாந்திலுள்ள ஈம் என்னும் கிராமத்தைச் சான்றாகக் கூற விழைகிறேன்.

டார்பிஷயர்க் குன்றுகளிடையே அமைந்த இவ்வூரில் ஏறத்தாழ ஆயிரம் பேரே வாழ்கின்றனர். தேவாலயம், பள்ளி, பொருட்காட்சிச்சாலை ஆகியவை இங்கு உண்டு. முற்காலத்தில் ஈயச் சுரங்கத் தொழில் நடைபெற்றது. 1588-ஆம் ஆண்டிலேயே ஊற்று நீரைக் குழாய் வழியே கொணர்ந்து நிரப்பியதாகக் கூறப்படும் கல்தொட்டிகளை இன்றும் தெருவோரத்தில் காணலாம்.

1665-ஆம் ஆண்டில் லண்டனிலிருந்து ஒரு துணிப்பொதி இவ்வூர்த் தையற்காரரின் இல்லத்துக்கு வந்தது. அதனுடன் பிளேக் நோயும் வந்தது என்பது வழிவழிச் செய்தி. செப்டம்பர் 7-ஆம் நாள் முதல் மரணம் நிகழ்ந்தது. அந்நோயின் கிருமி கண்டறியப்பட்டதோ 1894-ஆம் ஆண்டில்தான். தெள்ளுப்பூச்சிகள் அதனைப் பரப்பும் என்பதை அன்று எவரும் அறியார்.

1666-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நோய் மீண்டும் பெருகியது. ஊர்ப் பாதிரியார் வில்லியம் மாம்பெசன், தம் இரு குழந்தைகளை முன்னரே வெளியூருக்கு அனுப்பிவிட்டிருந்தார். ஆயினும் தாம் ஊரிலேயே தங்கி, நோய் அயலூர்களுக்குப் பரவாதிருக்க எவரும் எல்லையைக் கடக்கலாகாது என்று வேண்டினார். அவர் சொல்லை மட்டும் ஊரார் கேட்டிருப்பார்களோ என்னவோ! சமயக் கருத்து வேற்றுமையால் 1662-ஆம் ஆண்டில் பதவியிழந்த தாமஸ் ஸ்டான்லி என்னும் முன்னைய பாதிரியாரிடமே பலர் பற்றுக் கொண்டிருந்தனர். மாறுபட்ட அவ்விருவரும் ஒன்றாய் நின்று பேசினர்; ஊர் இசைந்தது.

எல்லையில் ஒரு கல் இருந்தது. அதன் குழிகளில் வினிகரை ஊற்றி, நோய் தொற்றாதிருக்க நாணயங்களை அதில் இட்டனர். அயலூரார் உணவை வைத்துவிட்டுப் பணத்தை எடுத்துச் சென்றனர். உள்ளிருப்போர் வாக்கை மீறவில்லை. வெளியிலிருப்போர் அவர்களைக் கைவிடவில்லை. அந்தக் கல்லைக் காத்து நின்றது நம்பிக்கையே.

விலை பெரிதாயிருந்தது. எலிசபெத் ஹான்காக் என்னும் மாது, ஆகஸ்டு மாதத்தில் எட்டு நாட்களுக்குள் கணவனையும் ஆறு மக்களையும் தன் கையாலேயே அடக்கம் செய்தாள். மாம்பெசனின் மனைவி கேதரினும் அம்மாதமே மாண்டாள். நவம்பரில் நோய் ஓய்ந்தபோது ஏறத்தாழ 260 பேர் மறைந்திருந்தனர்.

அடைபட்டிருந்ததால் ஊருக்குள் சாவு மிகுந்ததோ என்று ஆராய்ச்சியாளர் இன்றும் வாதிடுகின்றனர். அது நியாயமான கேள்வியே. எனினும், தாம் முகம் காணாத மனிதருக்காக அச்சத்தை அடக்கி நின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆகஸ்டு மாதத்துக் கடைசி ஞாயிறன்று ஆண்டுதோறும் அவ்வூர் அவர்களை நினைவுகூர்கிறது.

மாணவர்களே, குழாய்நீரும் பள்ளியும் ஓர் ஊருக்கு வேண்டிய வசதிகளே. ஆனால், இடர் வரும் நாளில் ஒருவர் சொல்லை ஒருவர் நம்பும் பண்பு இல்லையேல் அவ்வசதிகளால் ஊர் நிலைபெறாது. உங்கள் ஊரின் சரித்திரத்திலும் அத்தகைய எல்லைக்கல் ஒன்று இருக்கக்கூடும், பெரியோரிடம் கேட்டறியுங்கள்.