வீக்கம் வளர்ச்சியாகுமா?

உடல் வீங்கியவனைக் கண்டு, வளர்ந்துவிட்டான் என்று மகிழும் வைத்தியர் எங்குமில்லை. விஞ்ஞான சாலையிலும் இந்த நியாயமே செல்லும்.

ஹைட்ரஜன் வாயுவைச் சேமிக்கப் பலத்த உருளைகள் வேண்டும். மெதனால் எனும் மரச்சாராயமோ சாதாரணப் பாத்திரத்தில் அடங்கும் திரவம். அதை நேரே ஊட்டி மின்சாரம் பெறும் எரிபொருள் மின்கலத்தில் பலர் நம்பிக்கை வைத்ததற்குக் காரணம் இதுவே. அதன் உயிர்நிலை, இரு மின்வாய்களுக்கும் நடுவே நிற்கும் மெல்லிய சவ்வாகும்.

இவற்றுள் பெயர் பெற்றது, அமெரிக்க டூபான்ட் கம்பெனியில் வால்தர் குரோட் 1960களில் உருவாக்கிய நாஃபியான். இதன் முதுகெலும்பு, நீரை வெறுக்கும் டெஃப்லான் இனத்தது. பக்கச் சங்கிலிகளின் நுனியிலோ நீரை விரும்பும் சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகள் இருக்கின்றன. நீரை உண்டதும் சவ்வினுள் சில நானோமீட்டர் அகலமுள்ள வாய்க்கால்கள் தோன்றுகின்றன. அவற்றின் வழியே புரோட்டான்கள் ஒரு நீர் மூலக்கூறிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறிச் செல்கின்றன.

மரச்சாராயம் உட்புகுந்தால், சவ்வு வெறும் நீரில் வீங்குவதினும் அதிகமாக வீங்குகிறது. வாய்க்கால் அகன்றால் ஓட்டம் பெருகும் என்று எண்ணுவது இயல்பே. நடப்பதோ அதற்கு மாறு. சாராய விகிதம் ஏற ஏறக் கடத்தும் திறன் குறைகிறது. ஏனெனில், நீர் மூலக்கூறுகள் பின்னிய ஹைட்ரஜன் பிணைப்பு வலை குலைகிறது. அமிலத் தொகுதிகளின் இடைவெளி கூடுகிறது. அதே புரோட்டான்கள் மிகுந்த திரவத்தில் பரவி ஐதாகின்றன.

நஷ்டம் இம்மட்டோடு நிற்பதில்லை. எரிபொருளே மறுபுறத்துக்கு ஒழுகி, அங்கே பிராணவாயுவுடன் கூடி வீணாகி, மின்னழுத்தத்தையும் தாழ்த்துகிறது. இதற்கு அஞ்சியே, லிட்டருக்குச் சுமார் 32 கிராம் என்ற அளவுக்கு மரச்சாராயத்தை நீரில் கரைத்து ஊட்டுவது வழக்கமாயிற்று. சுமப்பதில் பெரும்பகுதி தண்ணீரே என்றால், திரவ எரிபொருளால் வந்த லாபம் யாது?

பரிகாரம் வாய்க்காலின் அமைப்பில் இருக்கிறது. சல்ஃபோனேற்றிய பாலிஈதர் கீட்டோன் சவ்வுகளில் வாய்க்கால்கள் குறுகியும் கிளை மிகுந்தும் இருப்பதை, ஜெர்மன் விஞ்ஞானி கிரோயர் 2001இல் நாஃபியானோடு ஒப்பிட்டு விளக்கினார். அத்தகைய சவ்வில் ஒழுக்கு குறையும். ஆயின் நீர் வற்றும்போது கடத்தலும் விரைவில் தளரும்.

ஆகவே, வெறும் நீரில் நனைத்து அளந்த கடத்துதிறனைக் கண்டு மயங்கலாகாது. எந்தத் திரவத்தின் நடுவே சவ்வு உழைக்கப் போகிறதோ, அதிலேயே அதைச் சோதித்தல் வேண்டும். வழிவிட வேண்டியதற்கு வழிவிட்டு, தடுக்க வேண்டியதைத் தடுக்கும் சவ்வே சவ்வு.